கூட்டினால் எட்டு

மல்லசமுத்திரம் மைதிலிக்கு நாற்பத்தொரு வயது. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு உதிரிபாகம் கடையும் பட்டறையில் அளவு பார்க்கும் வேலை. ஞாயிறு தவறாமல் சேலம் வந்து எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஐம்பது மீட்டர் ரைபிள் சுடுவார். மாநிலப் போட்டியில் தகுதிப் புள்ளியைப் போன இரண்டு வருடமும் மயிரிழையில் தவறவிட்டவர். வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று சங்கத்தில் ஆளாளுக்குச் சொன்னோம். நானும் சொன்னேன், வெட்கம்தான். மூன்றாம் முறையும் தவறினால் அவருடைய பயிற்சி இடம் வேறொருவருக்கு என்று தீர்மானமே போட்டாகிவிட்டது.

செயலாளர் நவநீதகிருஷ்ணன் லாரிக்காரர். வண்டி எண்ணைக் கூட்டினால் ஒன்பது வராவிட்டால் வாங்கவே மாட்டார். தோட்டாவுக்கும் அதே கதை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பேட்ச் எண்ணைக் கூட்டிப் பார்த்து, ஒன்பது வருவதையே மொத்தச் சங்கத்துக்கும் வாங்குவார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்வோம்.

இந்த முறை ஐந்து பேட்ச்களின் மாதிரிப் பெட்டிகள் வந்திருந்தன. எல்லாவற்றையும் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார் மைதிலி.

"ஒரே கம்பெனி தோட்டா. இதுல என்ன அம்மணி சோதனை?" என்றார் செயலாளர்.

"கம்பெனி ஒண்ணுதானுங்கண்ணா. பேட்ச்சுக்குப் பேட்ச் துளி மாறுதுங்க. எது ஒத்துப்போகும்னு என்ற துப்பாக்கிக் குழல்தான் சொல்லோணும். உங்க சோசியர் இல்லீங்க."

பட்டறையிலிருந்து கொண்டுவந்த வைஸ் என்னும் இரும்புப் பிடியில் ரைபிளை அசையாமல் இறுக்கினார். பேட்ச்சுக்குப் பத்துத் தோட்டா. கை நடுக்கம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. காகிதத்தில் விழுந்த ஓட்டைகளில் மிக விலகி நின்ற இரண்டுக்கும் இடையே வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். எங்கள் ராசியான ஒன்பது வரும் பேட்ச் இருபத்தேழு மில்லிமீட்டருக்குச் சிதறியிருந்தது. கூட்டினால் எட்டு வரும் பேட்ச் பதினைந்துக்குள் அடங்கியது. மறுபடி சுட்டார். மறுபடியும் அப்படியே.

"எட்டா? சனியனை வெலைக்கு வாங்கச் சொல்றியா?"

"சங்கத்துக்கு வேண்டாமுங்க. என்ற பங்கை இதுல போடுங்க. தோத்தா எடத்தை நானே காலி பண்றேன். உங்க ராசித் தோட்டாவுல நான் தோத்ததுக்கு என்ற கையைக் குத்தஞ் சொல்ல இனி உட மாட்டேன்."

எனக்கு மைதிலிமேல் கோபம்கூட வந்தது. நாங்கள் கேட்காததை அவர் கேட்டுவிட்டாரே!

மாநிலப் போட்டி வந்தது. தகுதிப் புள்ளி 605. மைதிலி 609 அடித்தார். ஒன்பதை வைத்துச் சுட்ட நான் 598.

அடுத்த ஞாயிறு செயலாளர் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வந்தார். "இப்ப எட்டுக்குத்தான் ராசி போல. மிச்சப் பெட்டியைக் குடு அம்மணி, எல்லாருக்கும் இதையே வாங்கிப்புடலாம்."

மைதிலி தன் பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். வைஸைத் தூக்கி மேசையில் வைத்தார்.

"இது என்ற குழலுக்குங்க. உங்க உங்க குழலுக்கு எதுன்னு நீங்களே சுட்டுப் பாத்துக்குங்க."

செயலாளர் முறைக்க முறைக்க, நான் போய் என் ரைபிளை வைஸில் இறுக்கினேன்.