பதினாறில் எண்ணினால் எனக்கு ஐம்பது

எண்பது வயதானதை நான் ஒருவரிடமும் சொல்லாமல்தான் இருந்தேன். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். பெரிய படிப்பெல்லாம் கிடையாது. பஸ் போர்டு வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கணக்கில் என்னை அசைக்க முடியாது.

துறைமுகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மருமகன் ஒரு நாள் சீலா மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே, "மாமி, எங்க கம்ப்யூட்டர் கணக்குல ஒங்களுக்கு ஐம்பதுதான்" என்றார்.

குழம்புக்காகச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நாம் பத்துப் பத்தாக எண்ணுவதை அவர்கள் பதினாறு பதினாறாக எண்ணுவார்களாம். ஒன்பதுக்கு மேலே, பத்திலிருந்து பதினைந்து வரைக்கும் ஏ, பி, சி, டி, ஈ, எஃப். பதினாறு வந்ததும் ஒன்று போட்டுப் பக்கத்தில் சைபர். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. என் சின்ன வயதில் பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். எண்பது அணா என்றால் ஐந்து ரூபாய், சில்லறை சைபர். ஐந்தும் சைபரும் ஐம்பது!

அதன்பிறகு மீன் வாங்கப் போன இடத்திலும் கோயிலிலும் வயது கேட்டவர்களிடமெல்லாம் ஐம்பது என்றேன். பொய் இல்லையே. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

பேத்தியின் கல்யாணம் வந்தது. பெண் கோயிலுக்குப் புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவோம். மூத்தவர்தான் முதலில் போடவேண்டும். அந்த முதல் சிலுவை என்னுடையது என்று பட்டுச் சேலையோடு எழுந்தேன். என் வீட்டுக்காரரின் தங்கை குறுக்கே வந்து நின்றாள்.

"மதினி, நீங்க சின்னப்பிள்ளை. ஐம்பதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு அலையுதீய. எனக்கு எழுபத்தெட்டு. தள்ளுங்க."

வீடே சிரித்தது. நான் விடுவேனா?

"ஏய்யா மருமவனே, இவளுக்கும் அந்தக் கணக்குலயே சொல்லும்."

மருமகன் விரல் விட்டுப் பார்த்து, "நாலு ஈ" என்றார்.

"ஈயா? கல்யாண வீட்டுல என்னைப் பாத்து ஈ, கொசுங்கியளோ?"

"இது இங்கிலீசு ஈ. பதினாலுன்னு அர்த்தம். நாலு பதினாறு அறுபத்துநாலு, அதோட பதினாலு."

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்படிச் சொல்லுங்க. எனக்குக் கடைசியில பதினாலு, அவியளுக்குக் கடைசியில வெறும் சைபர். எது கூட?"

"முன்னால நிக்கிறதைத்தான் முதல்ல பாக்கணும். பின்னால ஒத்தை எழுத்து எதைப் போட்டாலும் பதினஞ்சைத் தாண்டாது. அஞ்சு முன்னால இருந்தா, நாலு அதை எட்டவே முடியாது. எப்படி எழுதினாலும் மூத்தது மூத்ததுதான்" என்றார் மருமகன்.

"கேட்டியாளா?" என்றேன்.

"கேட்டேன். இந்த ஏ, ஈ எல்லாம் நமக்கு வேண்டாம். ஒங்க வாயால, நம்ம கணக்குல வயசைச் சொல்லுங்க. தள்ளிக்கிடுதேன்."

வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பேத்தி தலையைக் குனிந்தபடி நின்றாள். முற்றம் நிறைய ஆட்கள்; என் வாயால் ஐம்பது என்று கேட்டவர்கள்தான் பாதிப்பேர்.

"எண்பது" என்றேன்.

"பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல, மதினி."

"எண்பதுளா, எண்பது!" என்று கத்திவிட்டு, அவளைத் தோளால் ஒதுக்கி, பேத்தியின் நெற்றியில் சிலுவை போட்டேன்.