மைக்கில் பெய்த மழை

இங்கிலீஷ் படத்துக்கு மைக்கில் கதை சொல்கிறவனுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் என்ன இல்லை என்று தெரிந்திருந்தால் போதும். தெரியாததைத் தெரிந்த மாதிரி நாலு பேர் முன்னால் பேசி வயிறு வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் புரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் போட்டிருந்த டூரிங் டாக்கீஸில் எனக்கு அந்த வேலை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பதுதான் தகுதி. தமிழ்ப் படப் பெட்டி வந்து சேராத நாட்களில் முதலாளி மதுரையிலிருந்து மலிவாக ஒரு இங்கிலீஷ் படத்தை எடுத்து வருவார். அதில் யார் என்ன பேசினாலும் தமிழில் சொல்லவேண்டியது என் பாடு.

நோட்டீஸில் என்ன போடுவது?

ஒரு தடவை ராக்கெட் படம் வந்தது. நாலு பேர் வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள், அங்கே இருப்பவர்களோடு சண்டை போடுகிறார்கள், ரெண்டு பேர் திரும்பி வருகிறார்கள். நோட்டீஸ் அடிப்பதற்காக, இது என்ன படம் என்று முதலாளி கேட்டார். அவருக்குத் தெரிந்த வகை மூன்றுதான்: சாமிப் படம், சண்டைப் படம், குடும்பப் படம். நான் "விஞ்ஞானப் படம்" என்றேன். படித்த திமிர். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"விஞ்ஞானத்துக்கு எவன்யா டிக்கெட் எடுப்பான்? ஆகாசத்துல பறக்குறாகள்ல? சாமிப் படம்னு போடு."

வாகனம்

நோட்டீஸை நம்பி அருப்புக்கோட்டையிலிருந்து நெசவாளர் வீட்டுப் பெண்கள் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள், தலை நிறையப் பூவும் தட்டில் சூடமுமாக. ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்பியதும் பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவை. படம் ஓட்ட எங்களிடம் ஒரே மிசின்தான். ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது, தெலுங்கில் தங்களுக்குள் ஏதோ பேசி முடித்து, ஒரு அம்மாவை என்னிடம் அனுப்பினார்கள். காலையிலிருந்து விரதம் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கேட்டார்:

"வாகனம் வந்திருச்சு தம்பி. சாமி எந்த ரீல்ல வரும்?"

நம்பாத பெட்டி

அந்த ராக்கெட்டுக்குள் ஒரு பெட்டி. பூமியில் இருக்கும் மனைவியின் முகம் அதில் தெரிகிறது, பேசுகிறாள். இதற்குப் பெயர் டெலிவிஷன், டெல்லியில் இப்போதே இருக்கிறது, நாளைக்கு நம் பக்கமும் வரும், வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டே இந்த மாதிரி ராக்கெட் கதையெல்லாம் பார்க்கலாம் என்று மைக்கில் சொன்னேன். அந்தப் படத்துக்கு நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். கூடாரமே சிரித்தது. லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்த டிரைவர் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்.

"ஏலே, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா!"

மழை மிசின்

கிரகத்தில் இறங்கினார்கள். வெடித்த தரை, மொட்டைப் பாறை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு பச்சை கிடையாது. கதாநாயகன் அதிசயப்பட்டு வாயைப் பிளக்கிறான். நம் ஜனங்களுக்கு அதில் என்ன அதிசயம்? ரெண்டு வருஷமாக மழையில்லை. "இதைப் பாக்க ராக்கெட்டு எதுக்கு, திருச்சுழி பஸ்ஸுல ஏறுனா போதாதா?" என்று ஒருவர் எழுந்தார். அவரைப் பார்த்து இன்னும் பலர் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். வாசலில் நின்ற முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஆட்டம் கண்டது.

திரையில் வில்லன் ஒரு பெரிய மிசினின் கைப்பிடியை இழுத்தான். உண்மையில் அது ஊரை அழிக்கிற மிசின். வானம் கறுத்தது, இடி, மின்னல். "இதுதான் மழை மிசின்! மேகத்தைக் கூட்டுகிறார்! இதோ கொட்டப்போகிறது! டெலிவிஷன் மாதிரி இதுவும் நாளைக்கு நம் பக்கம் வரும்!" என்று கத்தினேன். எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். விசில் பறந்தது. முன்னால் மணலில் இருந்த ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை தப்பிய சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

"நாளைக்கும் அதையே சொல்லு. இன்னும் கொஞ்சம் இடி சேத்துக்க."

ஒரே துணி

கண்ணைத் துடைத்தவர் எம்.ரெட்டியபட்டிக்காரர், பெயர் பெருமாள்சாமி. தொடர்ந்து மூன்று நாள் படத்துக்கு வந்தார். நாலாம் நாள் காலையில் கூடாரத்துக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். அவரிடம் ஒரு சோடி உழவு மாடு. அவற்றுக்குப் போட வைத்திருந்த கூளம் தீர்ந்துவிட்டது. மறுநாள் தரகர் வருகிறார். விற்றுவிடுவதா, மழை மிசின் வரும்வரை எப்படியாவது வைத்திருப்பதா என்று என்னிடம் யோசனை கேட்டார்.

பக்கத்தில் முதலாளி நின்றார். படத்தை இன்னும் ரெண்டு நாள் ஓட்டுவதாக இருந்தார். "அது சும்மா கதைங்க" என்று முனகினேன். அதற்குப் பெருமாள்சாமி திருப்பி ஒரு கேள்வி கேட்டார். நிமிர்ந்து, நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலாளியைப் பார்த்தேன், மிசின் வரும் என்று தலையாட்டிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி இதுதான்:

"நிலாவுல மனுசன் எறங்குன நியூஸ் ரீலையும் இதே துணியிலதான காட்டுனீக? அது நெசம்னா இது மட்டும் எப்படிப் பொய்யாகும்?"

வாசலில்

மழை பெய்யவில்லை. பெருமாள்சாமியின் ஒரு மாடு தொழுவத்திலேயே விழுந்து செத்தது; மற்றதை அடிமாடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் வந்து சொன்னார்கள். சில மாதம் கழித்து அடுத்த இங்கிலீஷ் படம் வந்தது. டிக்கெட் வரிசையில் அவர் நிற்பதைப் பார்த்ததும் நான் மிசின் அறைக்குள் ஒளிந்துகொண்டேன். ஆப்பரேட்டர் இப்ராகிம் அண்ணன், வீரசோழன்காரர், நடந்ததெல்லாம் தெரிந்தவர். "போயி ரெண்டு அடி வாங்கிட்டு வா, மனசு லேசாகும்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

அடி வாங்கத்தான் போனேன். திட்டவாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். ரெண்டும் நடக்கவில்லை. டிக்கெட்டுக்கு வைத்திருந்த சில்லறையைக் கைக்குள் மூடிக்கொண்டு, படித்தவனிடம் கேட்கிற அதே மரியாதையோடு கேட்டார்.

"தம்பி, இன்னைக்குக் காட்டுறது நெசமா, கதையா? உள்ள போறதுக்கு முன்னால சொல்லிருங்க."

படங்களை வகை பிரிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். என்னைக் கேட்டால், பார்த்தவன் தொழுவத்தில் மாடு செத்தால் அது நிஜப் படம், சாகாவிட்டால் கதை.