ஜீப்புக்குத் துணை

நாயை ஒரு ராத்திரி வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா கூடாதா என்று எங்கள் வீட்டில் எட்டு நாள் பேச்சு நடந்தது. சேலத்தில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் மத்தியானமே கிளம்பிப் போய், ராத்திரி அங்கே தங்கி, மறுநாள் காலை சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் திரும்ப வேண்டும். அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேரும் போவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் ஐந்தாவது ஆளைப் பற்றித்தான்.

அந்த ஐந்தாவது ஆளின் பெயர் ஜீப்பு. எஸ்டேட் ஜீப்புக்கு அடியில் குட்டியாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். பெயர் வைத்த நேரமோ என்னவோ, சக்கரம் வைத்த எதைக் கண்டாலும் அதன் பின்னால் ஓடாமல் அதனால் இருக்க முடியாது. சைக்கிள் போனால் வாசல்வரை, பைக் போனால் கேட்வரை, ஜீப் போனால் ஏற்காடுவரைகூட ஓடும். ஒருமுறை அப்படி ஓடிப்போய், ஏரிக்கரையில் சோளம் சுடுகிறவளிடம் உட்கார்ந்திருந்ததை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எங்களுக்குக் கொடுத்திருந்த வீடு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தது. கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் வேறு வீடு கிடையாது. அந்தப் பக்கம் இருந்த ஒரே ஆள் எஸ்டேட் வாட்ச்மேன். அவரைக் கேட்டபோது வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, கெண்டைக்காலில் இருந்த தழும்பைக் காட்டினார். "ஊட்டை வேணா ரெண்டு நாளைக்குப் பாத்துக்கறனுங்க. அந்த நாய்க்கும் எனக்கும் ஆவாதுங்க" என்று சொல்லிவிட்டார். போன வருஷம் அந்தத் தழும்பை உண்டாக்கியது ஜீப்புதான் என்பதால் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

வெளியே விட்டுப் போகலாம் என்றார் அப்பா. பஸ்ஸுக்குப் பின்னால் ஓடிவந்து மலைப்பாதையில் அடிபட்டுச் சாகும் என்றாள் அம்மா. சங்கிலியில் கட்டிப்போடலாம் என்றாள் அக்கா. கட்டிக்கிடக்கிற நாயை நரியோ பன்றியோ வந்து கிழித்தால் ஓடக்கூட முடியாதே என்று நான் அழுதேன். கூடவே கூட்டிப்போகலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. கல்யாண வீட்டில் பெரிய அத்தை இருப்பாள். அவளுக்கு நாய் என்றால் ஆகாது. எங்களைக் கண்டாலே அவளுக்குப் பாதிதான் ஆகும்.

"ஒரு ராத்திரிதானே" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு ராத்திரி என்பது அவருக்குச் சின்ன விஷயம். அது ஒரே ஒரு ராத்திரிதான் என்று ஜீப்புக்கு யார் சொல்வது என்பதுதான் என் கவலை. நாம் போய்விட்டோம், இனி வரவே மாட்டோம் என்று அது நினைத்துக்கொண்டால்? அப்போது எனக்கு எட்டு வயது. நாய்களின் மனசு எனக்கு முழுசாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்படின்னா நான் வரலைங்கப்பா. நான் ஜீப்புக்குத் துணையா இருக்கறேன்" என்றேன்.

"அப்புறம் பூக்கூடை யாரு தூக்கறதாம் கண்ணு?" என்றார் அப்பா. கல்யாணப் பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை தூக்கிப்போக என்னைத்தான் சொல்லியிருந்தார்கள். அதற்காக ரோஸ் நிறத்தில் கவுன் தைத்து வந்திருந்தது. கவுனா நாயா என்று இரண்டு நாள் யோசித்தேன். கவுன் ஜெயித்தது. அதற்காக இன்றைக்கும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

கடைசியில் அப்பா தீர்ப்பு சொன்னார். வீட்டை ஒட்டி இருந்த விறகு ரூமில் அதைப் பூட்டிவிடுவது. ஒரு சட்டியில் கருவாடு போட்டுப் பிசைந்த சோறு, ஒரு குண்டானில் தண்ணீர், படுக்கப் பழைய சாக்கு. அம்மா எல்லாவற்றையும் வைத்தாள். நான் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். ஜீப்பு வாலை ஆட்டியது. ரூம் இருட்டாக இருந்தது. காற்றாவது வரட்டும் என்று அங்கிருந்த சின்ன ஜன்னலின் கொக்கியை எடுத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தின மாதிரி வைத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

நாகலூர் பஸ் ஸ்டாப்வரை நடந்தோம். அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் என் கவுன் இருந்த பை. வழியெல்லாம் அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டாயா, அக்காவின் ரிப்பன் எங்கே, என் செருப்பு எடுத்து வைத்தாயா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பஸ் கிளம்பி இரண்டு வளைவு தாண்டியிருக்கும். பின்சீட்டில் இருந்த ஒருவர், "ஏனுங்க, ஒரு நாய் தொரத்திக்கிட்டு வருதுங்க" என்று சிரித்தார்.

எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. பின்கண்ணாடியில் ஜீப்பு, நாக்கைத் தொங்கவிட்டு, காதுகள் பறக்க, தார் ரோட்டின் நடுவில் வந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் காய்கறி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் பஸ்ஸை உரசுகிற மாதிரி தாண்டிப்போனது. அடுத்த நொடி லாரியின் பிரேக் கிறீச்சிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வண்டியை நிறுத்துங்க!"

அது யார் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. அம்மா அதுவரை அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பஸ் நின்றது. அம்மா இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது லாரி குறுக்கே நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பு ஒரு கீறல்கூட இல்லாமல் அம்மாவின் பட்டுப்புடவைமேல் முன்னங்கால்களைப் போட்டுத் தாவிக்கொண்டிருந்தது. மாம்பழ நிறத்தில் செம்மண் கோடுகள்.

பஸ்ஸில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அப்பா ஜன்னல் வழியாக, "அதைக் கொண்டுபோய் அடைச்சிட்டு அடுத்த பஸ்ல வா" என்றார். அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதில் போனால் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கடைசி வண்டி கிடைக்குமோ கிடைக்காதோ. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அம்மா ஜீப்பின் கால்களைப் புடவையிலிருந்து இறக்கிவிட்டாள். பிறகு ஜன்னலை நோக்கிக் கையை நீட்டினாள். "ஊட்டுச் சாவியக் குடுங்க. நீங்க போங்க. நான் நாயோட இருந்துக்கறேன்."

"தனியாவா?"

"ஒரு ராத்திரிதானுங்களே."

நானும் இறங்குகிறேன் என்று படிக்கட்டுக்கு ஓடினேன். அம்மா என் கன்னத்தைத் தடவி, "நீ போ சாமி. பூக்கூடை தூக்கணுமில்ல" என்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். ஒரு கையில் ஜீப்பின் கழுத்துப்பட்டையையும், மறுகையில் புடவைக் கொசுவத்தையும் பிடித்துக்கொண்டு அவள் வந்த வழியே நடக்கத் தொடங்கினாள். பஸ் திரும்புகிறவரை நான் கையாட்டினேன். அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நான் அடிவாரம்வரை அழுதேன்.

கல்யாண வீட்டில் வாசலிலிருந்தே விசாரணை தொடங்கியது. அண்ணி ஏன் வரவில்லை என்று கேட்ட சித்தப்பாவிடம், அம்மாவுக்குக் காய்ச்சல் என்றார் அப்பா. பெரிய அத்தை வீட்டு மாமாவிடம் எஸ்டேட்டில் ஒரு அவசர வேலை என்றார். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பேசிக்கொண்டதில் குட்டு உடைந்தது. நான் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஊட்டுக்கு நாய் காவல் இருக்கறதக் கேட்டிருக்கறேன். நாய்க்குப் பொம்பளை காவல் இருக்கறத இப்பத்தான் கேக்கறேன்" என்றாள். பிறகு அவளுக்கே மனசு இளகி, "பாவம், பொறந்த ஊட்டுல எட்டுப் புள்ளைங்களோட ஒரே ரூம்ல படுத்தவ. இங்க வந்த பொறவும் நாங்க அத்தனை பேரு. ஒரு நாளாச்சும் தனியா இருந்திருப்பாளா? நொம்பப் பயந்துக்குவா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் அழுகை வந்தது. கொக்கியை எடுத்தது நான்தானே. படுக்கும்போது அம்மாவுக்காக முழங்கால்போட்டு ஜெபம் செய்தேன்.

மறுநாள் காலை எங்கள் மூன்று பேருக்கும் கைகால் ஓடவில்லை. அப்பா பெட்டியைக் கவிழ்த்து, பனியன் எங்கே என்று எங்களையே கேட்டார். எனக்கு அவர் பின்னிவிட்ட ஜடை ஒன்று காதுக்கு மேலேயும் இன்னொன்று பிடரியிலும் இருந்தது. கல்யாண ஆல்பத்தில் இன்றும் நான் அப்படித்தான் நிற்கிறேன். கோணல் ஜடை, வீங்கிய கண்கள், கையில் பூக்கூடை.

சாப்பிட்டதும் கிளம்பி, வெயில் தாழ்கிற நேரத்துக்கு நாகலூரில் இறங்கினோம். நான் முன்னால் ஓடினேன். பயந்து, வாடி, தூங்காமல் சிவந்த கண்களோடு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு அம்மாவை மனசில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, முடியைப் பின்னால் விரித்துப் போட்டிருந்தாள். அவளுக்கு அவ்வளவு நீளமான முடி என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மடியில் ஒரு பழைய வாரப் பத்திரிகை. பக்கத்தில் ஒரு தட்டில் பலாச்சுளைகள். கொட்டைகளைக் கீழே அப்படியே போட்டிருந்தாள். ஜீப்பு அவள் காலில் தலைவைத்துப் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டியது, எழுந்திருக்கவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். வீடு கூட்டவில்லை. அடுப்பில் சாம்பல் நேற்றையது. நிச்சயம் பயத்தில்தான் ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறாள் என்று முடிவுசெய்தேன்.

"நொம்பப் பயமா இருந்துச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாங்க, நொம்ப" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்பா சட்டை மாற்றப் போனதும் அவள் மடியில் விழுந்து கொக்கி விஷயத்தைச் சொன்னேன். அடி விழும் என்று காத்திருந்தேன். அம்மா என் கோணல் ஜடையை அவிழ்த்துக்கொண்டே, "பாத்தேன் கண்ணு. காத்து வரட்டும்னு நானும் உட்டுட்டேன்" என்றாள்.

நான்கு மாதம் கழிந்தது. சேலத்தில் பெரிய அத்தை கட்டிய புது வீட்டில் குடிபோகிற ஜெபம், எல்லோரும் வந்து தங்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "நீங்க புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. நாயைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்லைங்களா" என்றாள். அப்பாவும் சரி என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. மறுபடியும் அம்மா தனியாகப் பயந்து கிடப்பதா? அந்த மாதம்தான் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்து, எஸ்டேட்டின் கீழ்க்கோடியில் காலியாக இருந்த வீட்டில் குடியேறியிருந்தார். அவர் தன் ஊரில் நாலு நாய் வளர்த்தவர். தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் ஜீப்பைக் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். முதல் நாள் உறுமியது. மூன்றாம் நாள் அவர் கையிலிருந்து பன் தின்றது. ஒரு வாரத்தில் அவர் வீட்டுப் படியிலேயே தூங்க ஆரம்பித்தது. டீச்சர், "ஒரு ராத்திரி என்ன, ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க" என்றார்.

ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் மூச்சுவாங்கச் சொன்னேன். அவள் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"ஒரு வாரமா நீயே பழக்குனயா கண்ணு?"

"ஆமாம்மா. இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் நீங்க தனியா நிக்க வேண்டாம்."

அம்மா என்னையே பார்த்தாள். காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, "கெட்டிக்காரி. ஆமாங்கண்ணு, இனிமே நிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எங்கள் நான்கு பேருக்கும் பெட்டி அடுக்க உள்ளே போனாள்.

நல்ல சேதியை ஜீப்புக்குச் சொல்ல நான் வெளியே ஓடினேன்.