உப்புத் துடைக்கிற நேரம்

மரக்காணத்து டிவி ரிலே நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். பொறியாளர் ஒருவர், டெக்னீஷியனாக நான். வானத்திலிருந்து வரும் சிக்னலை வாங்கி, கோபுரத்து ஆன்டெனா வழியாகச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்ப வேண்டும். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும் உத்தியோகம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். வந்து பார்த்தால் தெரியும். உப்பளக் காற்றில் ஆன்டெனா முழுக்க உப்புப் படிந்து படம் மங்கிவிடும். ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, ஈரத்துணியோடு மேலே ஏறித் துடைத்துவிட்டு இறங்குவேன். அரை மணி நேர வேலை. காற்று பலமாக அடித்தால் வாரத்துக்கு இரண்டு தடவைகூட ஏறியிருக்கிறேன்.

2006இல் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. டிஜிட்டல் டிஷ் வந்துவிட்டது, இனி உங்கள் நிலையத்தை யார் பார்க்கிறார்கள், எழுதி அனுப்புங்கள் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சம்பளம் எந்த ஊருக்குப் போனாலும் வரும். டிஷ் வாங்க வழியில்லாத உப்பளத்து வீடுகளில் எங்கள் கோபுரம் நின்றால் டிவி வெறும் பெட்டிதான்.

வீடு வீடாகப் போய் ஆன்டெனாவை எண்ணலாம் என்றார் பொறியாளர். நிதானமான மனிதர். நான்தான் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் ஆட்களை எண்ணுவது புகார் போனை வைத்துத்தான். முன்பு வேலை பார்த்த ஊரில் இரண்டு நிமிஷம் படம் நின்றால் என் பாட்டி வரைக்கும் இழுத்துத் திட்டுவார்கள்.

“எண்ணுவானேன் சார்? ஞாயித்துக்கிழமை சினிமா ஓடறப்ப நிறுத்துவோம். போன் பிச்சிக்கிட்டு அடிக்கும் பாருங்க.”

அந்த ஞாயிறு சாயங்காலம் நல்ல காற்று. படம் சூடு பிடித்த நேரத்தில் நானே நிறுத்தினேன். பேனாவைத் திறந்து புகார் நோட்டை விரித்து வைத்தேன். ஐந்து நிமிஷம் போனது, பத்து போனது. ரிசீவரை எடுத்துப் பார்த்தேன், டயல் டோன் இருந்தது. அரை மணியிலும் ஒரு போன் இல்லை. போன் வைத்திருந்த வீடுகளெல்லாம் எப்போதோ கேபிளுக்குப் போய்விட்டன. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பொறியாளர் மறுநாள் அனுப்பலாமே என்றார். அனுப்பித் தொலையுங்கள் என்றேன். ‘புகார் ஏதுமில்லை’ என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு பேக்ஸில் அனுப்பினோம். பார்க்க ஆளில்லாத படத்துக்குக் கரண்ட் எதற்கு என்று டிரான்ஸ்மிட்டரையும் போடாமல் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெடித்த கால்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. முதலில் கோபுரத்தை உச்சிவரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மேல ஏறுறவரு நீங்கதானா சார்?”

ஆமாம் என்றேன்.

“நல்லா இருக்கீங்கல்ல? காத்து அடிக்குதே, உப்பு தொடைக்கிறாங்கன்னு எங்க லைன் வீடுங்கள்ல எல்லாரும் டிவி முன்னாடியே குந்திக்கினு இருக்காங்க. எப்பவும் அரை மணியில வந்துடும். இன்னிக்கி வரல. ஏறுனவரு விழுந்துட்டாரோன்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

பொறியாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். அந்த அம்மா நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் சினிமா முடிந்திருக்கும்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தலைமை அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அதிகாரி எங்கள் பேக்ஸை எடுத்து என் கையெழுத்தையே காட்டினார். வருஷா வருஷம் அங்கே அனுப்பிவைத்த எங்கள் பழைய புகார் நோட்டுகளிலும் ஒன்றுமில்லையே என்று கேட்டார். எப்படி இருக்கும்? எங்களை நம்பியவர்கள் எதற்குப் புகார் செய்யப் போகிறார்கள்? அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவன் நான்.

இரண்டு மாதத்தில் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. உப்பளத்து லைனுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போகாமலே இருந்துவிட்டேன். கடைசி நாளும் நானேதான் ஸ்விட்சை அணைத்தேன். அன்றும் காற்று அடித்தது. அரை மணி நேரம் பொறுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு, எனக்கு என்ன ஆயிற்றோ என்று யாரையாவது அனுப்பியிருப்பார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு நான் பஸ் ஏறியிருந்தேன்.