செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் கேட்ட அகஸ்ரினா

மன்னார்க் கரையில, தாழ்வுபாட்டில அகஸ்ரினாவைத் தெரியாது எண்டு ஒரு ஆள் சொன்னால், அந்த ஆள் நேற்றுப் பின்னேரம் வந்திறங்கின ஆளாய்த்தான் இருக்கவேணும். கருவாடு வாங்க வாற யாவாரிமார் அவவின்ர வாய்க்குப் பயந்து, தராசை ரெண்டுதரம் துடைச்சுக் காட்டிப்போட்டுத்தான் நிறுக்கத் தொடங்குவினம். இந்தியாவில மண்டபம் அகதி முகாமில இருபது வருசம் இருந்து, சண்டை முடிஞ்சாப்பிறகு திரும்பி வந்து, வீட்டுத்திட்டத்தில முன்பக்கம் மட்டும் பூசின வீடொண்டைக் கட்டி, மூண்டு பிள்ளையளையும் பள்ளிக்கூடம் அனுப்பி, அதுக்கிடையில ஒரு மார்பையும் புற்றுநோய்க்குக் குடுத்திட்டு, "மற்றது கிடக்குத்தானே" எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனுசி.

எடுத்த பக்கத்துக்குப் பழைய சாரத்துணியில ஒரு பை தைச்சு, இலவம்பஞ்சு அடைச்சு, சட்டைக்குள்ள வைச்சிருந்தவ. போனையும் அதுக்குப் பக்கத்திலதான் செருகுவா. ஒரு ஞாயிறு பூசையில, சுவாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற எழுந்தேற்ற நேரம், கோயில் முழுக்க முழங்காலில நிக்க, அவவின்ர நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு சினிமாப் பாட்டு கிளம்பிச்சுது. அக்கம்பக்கத்தில நிண்டவை சிரிப்பை அடக்க ஏலாமல் முக்காட்டைக் கடிச்சுக்கொண்டு நிண்டினம். அகஸ்ரினா கண்ணை மூடி, கைகூப்பினபடி, பாட்டு முடியும் மட்டும் அசையவேயில்லை. பிறகு கேட்டதுக்கு, "நிப்பாட்ட வேணுமெண்டால் சட்டைக்குள்ள கையை விடவேணும். ஆண்டவருக்கு முன்னால அது மரியாதையோ?" எண்டு கேட்டா.

அப்பிடிப்பட்ட மனுசியை ரெண்டாயிரத்துப் பதினாறில, யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில வைச்சு டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னா. அகஸ்ரினாவின்ர தாய் முகாமில, வயித்துக்குள்ள சூலகத்தில கட்டி வந்து செத்தவ. பெரியம்மா மார்புப் புற்றுநோயில போனவ. இது குடும்பத்தில ஓடுற வருத்தம் மாதிரிக் கிடக்கு, சூலகம் ரெண்டையும் வருத்தம் வரமுதலே எடுத்துவிடுவம் எண்டு டொக்டர் சொன்னா. எடுத்தால் மாதவிடாய் நிண்டுபோகும், திடீர் திடீரெண்டு உடம்பு கொதிக்கும், எலும்பு பலம் குறையும், அதுக்கு மருந்து தருவம் எண்டும் ஒளிக்காமல் சொன்னா.

"பிள்ளை மூண்டு பெத்தாச்சு. வேலை முடிஞ்ச ஆக்களை வீட்டுக்கு அனுப்பிறது சரிதானே, டொக்டர்" எண்டா அகஸ்ரினா.

பொய் சொல்லப்படாது, திரும்பி வரேக்க பூநகரியில இருந்து மன்னார் மட்டும் பஸ்ஸில அழுதுகொண்டுதான் வந்தவ. வெட்டுக்குப் பயந்தில்லை. நாற்பத்திமூண்டு வயசில உடம்பு துண்டு துண்டாய்ப் போகுது எண்ட கவலைதான்.

வீட்டில புருசன் சந்தியோகு வலை தைச்சுக்கொண்டு இருந்தவர். கடலில எந்தக் காத்துக்கும் அசையாத மனுசன், இதைக் கேட்டதும் ஊசியைக் கீழ வைச்சிட்டார். மெதுவாய்க் கேட்டார்.

"இஞ்சேர், அதை எடுத்தால் பெம்பிளையளுக்குக் குரல் மாறுமாம், மீசை முளைக்குமாம் எண்டு சொல்லினம். உண்மையோ?"

அகஸ்ரினா விடுவாவோ? அடுத்தநாள் விடிய, கட்டைக் குரலில, "இஞ்சேருங்கோ, சவர அலகை எங்க வைச்சனீங்கள்?" எண்டு கேட்டா. மனுசன் தேத்தண்ணியைத் துப்பிப்போட்டுக் கோயிலடிக்குப் போனவர், மத்தியானம்வரைக்கும் திரும்பேல்லை.

இந்தப் பகிடியெல்லாம் வெளியாலதான். அவவின்ர மனசை அரிச்சது தன்ரை உடம்பில்லை, தங்கச்சி யசிந்தா. குடும்பத்தில மிஞ்சி இருந்த பெம்பிளை அவள் ஒருத்திதான். "கூடப்பிறந்தவை இருந்தால் கூட்டிக்கொண்டு வாங்கோ, கட்டாயம் பாக்கவேணும்" எண்டு டொக்டர் ரெண்டுதரம் சொல்லி விட்டவ. ஆனால் யசிந்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதை விட, ஒரு திருக்கை மீனை உயிரோட வீட்டுக்குள்ள வளர்க்கலாம். யானைக்கால் நோய்க்கு ரத்தம் சோதிக்க ஆக்கள் வந்த அண்டைக்கு வலைக்குவியலுக்குப் பின்னால போய்ப் படுத்தவள். "தேடிப்போனால்தான் அக்கா அது வரும். பேசாமல் இருந்தால் தன்ரை பாட்டில போயிடும்" எண்டது அவளின்ர வேதம். அகஸ்ரினா நாலுதரம் கேட்டா. நாலுதரமும் யசிந்தா தையல் மிசினை இன்னும் வேகமாய் மிதிச்சாள்.

சத்திரசிகிச்சைக்கு நாள் வந்திட்டுது. திங்கள் போய்ப் படுக்கவேணும், செவ்வாய் காலமை வெட்டு. அப்பத்தான் அகஸ்ரினா ஒரு பொய்யைத் தயார்பண்ணினா. 'தங்கச்சியைச் சோதிச்சுப் பாத்தாப்பிறகுதான் எனக்கு வெட்டுவினமாம், இல்லாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவினமாம்.' நல்ல பொய். அதை ஞாயிறு பின்னேரம் சொல்லவேணும், யோசிக்க நேரம் குடுக்கப்படாது எண்டது திட்டம்.

இதில ஒரு சிக்கல். அந்தக் கரையில உடம்பில கத்தி படமுதல் சுவாமியாரிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் ஆரும் போகமாட்டினம். மயக்கமருந்தில போற ஆள் திரும்பி வாறதும் வராததும் ஆண்டவரின்ர சித்தம், அதால கணக்கைத் தீர்த்துப்போட்டுத்தான் போகவேணும். சுவாமி பாவசங்கீர்த்தனம் கேக்கிறது சனிக்கிழமை மட்டும். பொய்யோ ஞாயிறு. சனிக்கிழமை ஆத்துமத்தை வெளுத்துப்போட்டு, ஞாயிறு புதுக்கறையோட கத்திக்குப் போறதோ? அகஸ்ரினா நல்லாய் யோசிச்சு, முன்கூட்டியே மன்னிப்பு வாங்குவம் எண்டு முடிவெடுத்தா. இந்த உலகத்தில வேறை ஆருக்கும் இந்தப் புத்தி வந்திராது.

வரிசையில நிண்டு, முறை வந்ததும் முழங்காலிட்டா. கோபம், புறணி, யாவாரிமாரைப் பேசினது எல்லாம் சொல்லி முடிச்சாப்பிறகு, "ஒரு பொய்யும் இருக்கு, சுவாமி" எண்டா.

"எப்ப சொன்னது?"

"நாளைக்குச் சொல்லப்போறன்."

கம்பித்தட்டிக்கு அங்கால சுவாமி கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"செய்யாத பாவத்துக்கு மன்னிப்புக் குடுக்க ஏலாது, அம்மா."

"கட்டாயம் செய்வன், சுவாமி. நம்புங்கோ."

"நான் நம்பிறதில்லை இஞ்ச பிரச்சினை. மனஸ்தாபம் வேணும், செய்ததை நினைச்சு மனசு நோகவேணும். இனிச் செய்யமாட்டன் எண்ட மனசு வேணும்."

"அப்ப முதல்ல செய்துபோட்டு வரட்டோ?"

சுவாமி வாயைத் திறக்கமுதல் அகஸ்ரினா எழும்பிட்டா. பின்னுக்கு நிண்ட அயல்வீட்டு லூசியாவிட்ட, "என்ரை இடத்தை விட்டிடாதை, ஒரு சாமான் மறந்திட்டன்" எண்டு சொல்லிப்போட்டு, முக்காட்டோட கோயிலை விட்டு இறங்கி, யசிந்தா வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு உள்ளுக்குப் போனா.

யசிந்தா பள்ளிக்கூடச் சட்டையொண்டு தைச்சுக்கொண்டு இருந்தவள். அகஸ்ரினா மூச்சு வாங்க வாங்கப் பொய்யைச் சொல்லி முடிச்சா. யசிந்தா மிசினை நிப்பாட்டிப்போட்டு, தமக்கையின்ர முகத்தைக் கனநேரம் பாத்தாள்.

"உண்மையாவோ?"

"டொக்டர் சொன்னதைத்தானேடி சொல்லுறன்."

"சரி. வாறன்."

அகஸ்ரினாவுக்கு ஏமாற்றமாய்ப் போச்சுது. அழுகை ஒண்டு, மயக்கம் ஒண்டு, அம்மா கனவில வந்த கதை ஒண்டு எண்டு இன்னும் மூண்டு சாமான் கைவசம் வைச்சிருந்தவ. ஒண்டும் தேவைப்படேல்லை.

திரும்பி வந்து, லூசியாவைத் தள்ளிப்போட்டு முழங்காலிட்டா. "சுவாமி, பொய்யொண்டு சொன்னனான். இப்பத்தான், சூட்டோட." இந்தமுறை சுவாமி இருமினாரோ சிரிச்சாரோ தெரியாது. பொய் என்ன, எதுக்கு எண்டு முழுக்கக் கேட்டார். கடைசியில, "ஒரு செபமாலை சொல்லு. மயக்கமருந்து ஏத்தமுதல் தங்கச்சியிட்ட உண்மையையும் சொல்லு. அதுதான் அபராதம்" எண்டார். அகஸ்ரினா மனசுக்குள்ள நாளையெண்ணிப் பாத்தா. சோதிக்கிறது திங்கள், மயக்கமருந்து செவ்வாய். சுவாமி நல்ல மனுசன் எண்டு அண்டைக்குத்தான் அவவுக்கு விளங்கினது.

திங்கள் விடிய பஸ் தரிப்பிடத்துக்கு வாளி, பிளாஸ்க், மாத்திப் போட ரெண்டு சோட்டி, செபப்புத்தகம் எல்லாம் சந்தியோகுதான் சைக்கிளில கட்டிக்கொண்டு வந்தவர். நகை ஒண்டும் போடப்படாது எண்டு ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டவை. பஸ் வாறதைக் கண்டதும் அகஸ்ரினா தாலியைக் கழட்டிப் புருசன்ர கழுத்தில போட்டுவிட்டா. "நான் வரும் மட்டும் நீங்கள் போட்டிருங்கோ. கழட்டினீங்களெண்டு கேள்விப்பட்டனோ, தெரியும்." மனுசன் சேட்டுப் பொத்தானைக் கழுத்துவரைக்கும் பூட்டிக்கொண்டு, கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிண்டார்.

ஆஸ்பத்திரியில டொக்டர் யசிந்தாவைக் கண்டதும் சந்தோசமாய்க் கிளினிக்குக்கு அனுப்பினா. அகஸ்ரினாவுக்கு இங்கால ரத்தம் எடுத்தினம், நெஞ்சில வயர் ஒட்டிப் பாத்தினம், வயித்தைக் கழுவ மருந்து குடுத்தினம், நகத்தை வெட்டச் சொல்லிச்சினம். ராவு பத்து மணிக்குப் பிறகு பச்சைத்தண்ணியும் இல்லை எண்டிச்சினம். "கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு சோடிச்சதில்லை" எண்டு நேர்ஸைச் சிரிக்கவைச்சா. ஆனால் கண் முழுக்க வாசலிலதான். யசிந்தா போய் ரெண்டு மணித்தியாலம். வந்தாள், முகம் கழுவின ஈரத்தோட.

"என்னவாம்?"

"பாத்தினம். போகச் சொல்லிட்டினம்."

அகஸ்ரினா தலகாணியில சாய்ஞ்சா. அம்மா செத்த நாளில இருந்து நெஞ்சில கிடந்த பாரம் இறங்கினது போல இருந்துது அவவுக்கு. அண்டைக்கு அந்த வார்ட்டில அவவைப்போல நித்திரை கொண்ட ஆள் இல்லை.

செவ்வாய் காலமை பச்சைச் சட்டை போட்டு, தள்ளுகட்டிலில ஏத்திச்சினம். தியேட்டர் வாசலில கொஞ்சம் நிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுத் தள்ளிவந்தவர் அங்கால போனார். அகஸ்ரினாவுக்கு அபராதம் ஞாபகம் வந்திட்டுது.

"யசிந்தா, இஞ்ச வா. நான் சொன்னது பச்சைப் பொய்யடி. உன்னைப் பாக்காட்டியும் எனக்கு வெட்டுவினம். நல்லா ஏமாந்தாய்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ கோயிலுக்கால ஓடிவந்து சொல்லேக்கயே தெரியும். பொய் சொல்லேக்க நீ மூக்கைச் சொறிவாய்."

"பிறகேன் வந்தனி?"

யசிந்தா போர்வையை இழுத்துவிட்டாள். அகஸ்ரினா விடேல்லை, கையைப் பிடிச்சு இழுத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டா. கடைசியில யசிந்தா தமக்கையின்ர கையை எடுத்து, தன்ரை சட்டைக்கு மேலால, இடப்பக்க அக்குளுக்குக் கிட்ட வைச்சாள். கடலைக்கொட்டையளவில, கல்லுப்போல.

"தவக்காலத்தில இருந்து கிடக்கு. ஆரிட்டயும் சொல்லப் பயமாய் இருந்தது. போறதுக்கு ஒரு சாட்டு இல்லாமல் இருந்தனான், நீ கொண்டு வந்தாய். நேற்று ஊசி குத்திச் சோதிக்கக் கொஞ்சம் சதை எடுத்தவை. ரெண்டு கிழமையில மறுமொழி வருமாம். சின்னன்தானாம், வந்தது நல்லதாம்."

அகஸ்ரினாவின்ர வாய் அடைச்சுப்போச்சுது. எந்த யாவாரியும் காணாத காட்சி அது. பிறகு கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பப் பாத்தா. "என்னை இறக்கு. எனக்கு வேண்டாம். நான் உன்னோட இருக்கவேணும்."

"இதுக்குத்தான் நேற்றுச் சொல்லேல்லை" எண்டு சொல்லி யசிந்தா அவவைத் தோளில அமத்திப் படுக்கவைச்சாள். ஊசியைக் கண்டு வலைக்குப் பின்னால ஒளிச்சவள் அவள்தான்.

தியேட்டர்க் கதவு திறந்துது. தள்ளுறவர் வந்து, "பயமோ, அம்மா?" எண்டு கேட்டார்.

"ஓம், தம்பி" எண்டா அகஸ்ரினா. அண்டைவரைக்கும் அவ அதை ஆரிட்டயும் சொன்னதில்லை.

யசிந்தா குனிஞ்சு, அவவின்ர நெத்தியில சிலுவை போட்டுவிட்டாள்.

"நீ இதை முடிச்சுப்போட்டுக் கெதியாய் எழும்பு, அக்கா. ரெண்டு கிழமையில நான் திரும்பி வரவேணும். எனக்குத் துணைக்கு வர உன்னை விட்டால் ஆளில்லை."