அம்மா படத்துக்குப் போட்ட ஷெனாய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பால்கோவாக் கடைக்கு டிவியில் விளம்பரம் போட்டது, தெருவுக்குத் தெரு கேபிள் கம்பி இழுத்த புதிதில். கடை அண்ணனுடையது. பின்கட்டில் கோவா கிண்டுவது அம்மாவும் நானும். கணவர் இறந்துபோன பிறகு எனக்கு அந்த அடுப்படிதான் எல்லாம். ஐந்தாவது வரை படித்தவள். வெளியாள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன்.

எங்களுக்கு ஒரு தங்கை உண்டு. ராஜபாளையத்தில் துணிக்கடை வைத்திருந்த வேறு மதத்துக்காரர் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு போனாள். அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்றுவிட்டார் அண்ணன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்து ஊர். ஆறு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விளம்பரம் எடுக்க வந்தவர் கல்யாண வீடியோ எடுப்பவர். இரண்டு ஊருக்கும் கேபிள் விட்டிருந்ததும் அவர்தான். கேமராவைக் கண்டதும் அம்மா கிண்டும் துடுப்பை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏலே, இந்த வேர்வையும் கரியுமா என்னைய ஊரெல்லாம் காட்டப் போறியா? போலே!"

அவர் சுற்றிலும் பார்த்தார். சுவரில் அம்மாவின் பழைய ஸ்டுடியோ படம் தொங்கியது, கறுப்பு வெள்ளையில். அதைக் கழற்றி ஸ்டூலில் வைத்து, மங்களகரமாக இருக்கும் என்று முன்னால் குத்துவிளக்கையும் ஏற்றச் சொன்னார். சினிமாப் பாட்டு வைத்தால் கடைப் பேர் அமுங்கிப்போகும் என்று, வார்த்தையே இல்லாத ஷெனாய் இசையைச் சேர்த்தார். கடைசியில் கடைப் பேரும் ஒரு தட்டுக் கோவாவும் வரும். போட்டுக் காட்டினபோது எங்கள் ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அம்மா அழகாக இருந்தாள், இசையும் இதமாக இருந்தது.

மறுநாள் காலையில் டிவியில் வந்தது. செத்த நேரத்தில் கடை வாசலில் கூட்டம். மம்சாபுரத்திலிருந்து பால் ஊற்றுகிறவர் மாலையோடு வந்து நின்று, "எப்ப ஆச்சு? நேத்து பால் ஊத்தையில நல்லாத்தான இருந்தாவ?" என்று அண்ணனைக் கட்டிக்கொண்டார். படமும் விளக்கும் ஷெனாயும் டிவியில் வந்தால் அது சாவுச் சேதிதான் என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?"

பால்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அம்மா மாலையை வாங்கிப் பார்த்தாள். "எனக்கு எம்புட்டுச் சின்ன மாலை வாங்கியிருக்கான் பாரு. சாமி படத்துக்குப் போடுங்க."

கூட்டம் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் தங்கை வந்தாள். டிவியைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஓடி வந்திருக்கிறாள். தலை அவிழ்ந்து, ஒரு காலில் செருப்பு இல்லை. அம்மாவைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, நான் செத்தாத்தான் வருவியாக்கும்?"

அம்மா அவளைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய், சட்டியிலிருந்த கோவாவைச் சூடாக இலையில் வழித்துக் கொடுத்தாள். தங்கை அழுதுகொண்டே தின்றாள். கடையிலிருந்து அண்ணன் திரும்பாமலே சொன்னார், "பாத்தாச்சுல்ல. பஸ்ஸு போயிரும்."

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இனிமே எனக்கு ஒரு கொறையுமில்ல. தெனமும் டிவில அம்மா வருவாள்ல, பாத்துக்கிடுதேன்."

விளம்பரத்தை மாற்றவேண்டும் என்று அண்ணன் குதித்தார். அம்மா விடவில்லை. "இருக்கட்டும்லே. சாகுமுன்ன செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டியாம்." ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் காலையும் மாலையும் அது ஓடியது. போகப் போக ஊருக்கு அந்த ஷெனாயின் பொருளே மாறிவிட்டது. அது கேட்டதும் தெருப் பிள்ளைகள் "கோவா, கோவா" என்று கத்தினார்கள். எனக்கோ, இந்த நேரம் ராஜபாளையத்திலும் இதே இசை கேட்கும், அவளும் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று துடுப்பு ஒரு நிமிஷம் நிற்கும். கோவா அடிப்பிடிக்கும். அம்மா திட்டமாட்டாள்.

பிறகு ஒரு விடியற்காலையில் அம்மா உண்மையாகவே போய்விட்டாள். சாயங்காலம் எடுப்பதாக ஏற்பாடு. "அவளுக்குச் சேதி சொல்ல ஆள் போகக்கூடாது" என்றார் அண்ணன். பூவுக்கும் விறகுக்கும் அவர் அலைந்துகொண்டிருந்தபோது கேபிள்காரர் மாலையோடு வந்தார். பின்கட்டுக் கதவோரம் நின்றிருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, ரெண்டு ஊருலயும் சேதிய டிவில போட்டுருதேன். என்ன மியூசிக் போட?"

ஆள் விட்டால்தானே குற்றம்? "அந்தப் படமும் அந்த ஷெனாயும்" என்றேன்.

"அது கோவா மியூசிக் ஆயிப்போச்சேக்கா. வேற போடவா?"

"அதுவே போடுங்க."

வெளி ஆம்பளையோடு நான் அவ்வளவு பேசினதே அன்றுதான். முன்னே அவளை ஓடி வரவைத்தது அதுதான், இப்போதும் வரவைக்கும் என்று நம்பினேன்.

மத்தியானம் முழுக்கத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸின் ஹாரனுக்கும் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவைத் தூக்கும்போதும் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் பால்காரர் போய்ச் சொல்லித்தான் வந்தாள். அண்ணன் வழிவிட்டு நின்றார். குளிர்ந்த அடுப்புக்குப் பக்கத்தில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு அடுப்படியில நின்னேன்க்கா. முன்னறையில அந்த மியூசிக் கேட்டுச்சு. அம்மா வந்துட்டாள்னு சிரிச்சுக்கிட்டே தோசையத் திருப்பிப் போட்டேன். போயிப் பாக்கக்கூட இல்ல."

கேபிள்காரர் வேறு போடவா என்று கேட்டதை அவளிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதோடு அந்த விளம்பரம் நின்றுபோனது. கொஞ்ச காலம் கழித்து, "அந்தக் கேசட் கெடைக்குமாக்கா, ஒருதரம் கேக்கணும்" என்றாள். வெட்கத்தை விட்டு நானே கேபிள்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அதன்மேல் யாருடைய கல்யாணத்தையோ பதிந்துவிட்டாராம்.

தேடிக்கொண்டிருக்கிறார் என்று அவளிடம் சொல்லி வைத்தேன். இப்போதும் ஊருக்கு வரும்போதெல்லாம் கேட்கிறாள்.