பார்க்காமல் பதிந்த 317

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். அகல்யா பொய்யே சொல்லாதவள் என்று சத்தியம் செய்ய முடியாது. அவள் சொன்ன ஒரு பொய்யில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

2004, ஜனவரி. கிழக்கு தில்லியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே கீழ்த்தளத்து ஸ்டோரில் அகல்யாவுக்கு வேலை. அந்த மாதம்தான் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர், ஒரு ஸ்டிக்கர். மெஷினை நேரில் போய்ப் பார்த்து, ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் ஸ்கேனரைக் காட்ட வேண்டும். ‘பீப்’ என்று சத்தம் வரும். அது எந்த வார்டில், எந்தக் கட்டில் பக்கத்தில், என்ன நிலையில் இருக்கிறது என்பது கம்ப்யூட்டரில் பதிந்துவிடும்.

மொத்தம் 412 மெஷின். ஆறு மாடி. லிஃப்ட் ரிப்பேர். போதாததற்குக் குளிர் வேறு.

நோகாமல் நொங்கு தின்ன அகல்யா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஹீட்டர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டிக்கர் தாள்களை மடியில் வைத்து ஸ்கேன் செய்தாள். மற்ற விவரத்தைப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து அடித்தாள். ‘இருக்கிறது. நன்றாக வேலை செய்கிறது.’ பீப். பீப். பீப். ஒரே மதியத்தில் 412-ம் முடிந்தது.

அப்புறம் ஸ்டிக்கர் ஒட்டப் போன ஆட்கள் ஒன்றை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நம்பர் 317. நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மெஷின். அப்படி ஒன்று ஆஸ்பத்திரியில் எங்கேயுமே இல்லையாம். அகல்யா அந்த ஸ்டிக்கரை மேஜை டிராயரில் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை, காலை 11.40. பீப்.

ஸ்கேனர் அதன் ஸ்டாண்டில் இருந்தது. யாரும் தொடவில்லை. திரையில் புதிதாக ஒரு வரி... ‘317. பெண்கள் வார்டு. கட்டில் 4.’

டிராயரைத் திறந்தாள். ஸ்டிக்கர் உள்ளேதான் இருந்தது. வார்டுக்குப் போன் போட்டாள்.

“இதர் கோயி மெஷின் நஹி மேடம்,” இங்கே அப்படி மெஷினே இல்லை என்று நர்ஸ் போனை வைத்துவிட்டாள்.

12.25-க்கு நான்காம் கட்டில் கிழவி இறந்துபோனாள். எண்பது வயது. காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று அகல்யா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

புதன், 10.15. பீப். கட்டில் 9. சரியாக 11.00 மணிக்கு அந்தக் கட்டிலும் காலியானது. அன்றும் நாற்பத்தைந்தே நிமிடம்.

ஸ்டோர் மேனேஜர் வெங்கடராமனிடம் ஓடினாள்.

“சார், 317-ஐ சிஸ்டத்துலேர்ந்து எடுத்துடுங்க.”

“அச்சா, எடுத்துடலாம். கமிட்டில மூணு பேர் கையெழுத்துப் போடணும். மெஷின் எங்கேன்னு கேட்பா. கண்ணால பாக்காமலே பதிஞ்சேன்னு சொல்லிடறியா?”

அகல்யா தன் நாற்காலிக்கே திரும்பிவிட்டாள். வேலை போய்விடும் என்ற பயம்.

வியாழக்கிழமை அவள் அம்மா கோவிந்தம்மாளுக்கு நெஞ்சுவலி. வீடு இருந்த மயூர் விஹாரிலிருந்து ஆம்புலன்ஸ் நேராக அங்கேதான் வந்தது. அதே பெண்கள் வார்டு. கட்டில் 11. அம்மாவை விட்டால் அகல்யாவுக்கு வேறு நாதி இல்லை. கட்டிலை மாற்றச் சொல்லிக் கெஞ்சினாள். வேறு கட்டில் காலியில்லை.

சனிக்கிழமை. பகலிலேயே பனிமூட்டம். மதியம் 2.10...

பீப்.

‘317. பெண்கள் வார்டு. கட்டில் 11.’

அகல்யா கீபோர்டை இழுத்தாள். வரியை அழிக்கப் பார்த்தாள். அனுமதி இல்லை என்றது. இடத்தை மட்டும் மாற்ற விட்டது.

‘ஸ்டோர் ரூம்’ என்று அடித்தாள்.

பீப். கட்டில் 11.

‘மொட்டை மாடி.’

பீப். கட்டில் 11.

2.31. ‘கட்டில் 4.’ திங்கட்கிழமையே காலியானது, அதற்குள் யாரோ வந்திருப்பார்கள் என்ற நினைப்பு அடித்த பிறகுதான் வந்தது. ஆனால் வியாழனன்று அதில் இருந்தவள் அன்று காலைதான் வீட்டுக்குப் போயிருந்தாள்; ஆள் இல்லாத இடத்தை 317 ஏற்கவில்லை.

பீப். கட்டில் 11.

2.48...

‘கட்டில் 12.’

சத்தம் வரவில்லை.

காத்திருந்தாள்.

வரவே இல்லை.

2.55. மேலே தடதடவென்று ஓடும் சத்தம்...

அவள் மாடியேறிப் போனபோது பன்னிரண்டாம் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பெண். குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சாயங்காலம் வீட்டுக்குப் போக இருந்தவள். கட்டிவைத்த துணிப்பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. பக்கத்தில் கோவிந்தம்மாள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று அகல்யா உண்மையைச் சொல்லிவிட்டாள். வேலையும் போனது. வெங்கடராமன்தான் பழைய ஃபைலைத் தேடி எடுத்தார். 1997-ல் ஒரு பெண்ணுக்கு வைத்தபோது அந்த மெஷின் வேலை செய்யவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள். முந்தின வாரம்தான் யாரோ பார்க்காமலே ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். மறு வருடமே மெஷினை உடைத்துக் காயலான் கடைக்குப் போட்டாகிவிட்டது. ரிஜிஸ்டரில் மட்டும் அதன் பெயரை அடித்து நீக்க மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம்கூட அகல்யா எப்படியோ தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது, அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் வந்தது. கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் தானாகவே பேச்செடுத்தாள். ராணிப்பேட்டைக்காரி. தில்லிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்த வார்டில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது.

“அந்த நர்சம்மா தங்கமான பொண்ணுடி. நம்ம பாஷைதான் பேசுச்சு. ஏதோ மிசினத் தள்ளிக்கினு வந்து என் கட்டிலாண்ட ரொம்ப நேரம் நின்னுச்சு. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு. அப்புறம், ‘உங்க பொண்ணு பக்கத்துக் கட்டிலுக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்கம்மா’ன்னுட்டு அங்க தள்ளிக்கினு போயிடுச்சு.”

கோவிந்தம்மாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டி... நமக்கு வந்தத நீ அதுக்குக் குடுத்தியே, அந்தப் பொண்ணுக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?”